இடப்பக்கம் திருப்பினால் மட்டும்

டால்காவே படகுத்துறையில்
முன்னால் நின்ற மீன் லாரி நகர்ந்துவிட்டது.
பொத்தானை அழுத்தினேன்.
டிக்.
அவ்வளவுதான்.
ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அலறுகிறது,
என்ஜின் மட்டும் பல்லைக் காட்டிவிட்டது.

பின்பெட்டியில் வேறு பற்கள் இருந்தன.
மூன்று செட், காஸ்ட்ரோவில் நானே வார்த்தவை,
ஈரத்துணியில் சுற்றி, பெயர் ஒட்டி.
கால்வாய்க்கு அக்கரையில், அச்சாவில்,
எலியேசர் மன்சீயா பதினொரு நாளாக
மசித்த உருளைக்கிழங்கையே விழுங்குகிறார்.
பல் போனால் சொல் போச்சு என்பது
அவரிடம் செல்லாது.
காலையும் மாலையும் போனில் திட்டுகிறார்,
'ச' வருமிடமெல்லாம் வெறுங்காற்று.

படகு என்னை விட்டுவிட்டுப் போனது.
அரை மணி கழித்து
தொட்டவுடன் கிளம்பியது வண்டி,
ஒன்றுமே நடக்காததுபோல்.

பாவ்தீலியோவின் பட்டறையில் நாற்பது தடவை அழுத்தினோம்.
நாற்பது தடவையும் கிளம்பியது.
"கோளாறு வண்டியில் இல்லை, ஒர்த்தென்சியா" என்றான்
தங்கை புருஷன், துணியில் கை துடைத்தபடி.
எனக்கு இது புதிதல்ல.
ராத்திரி முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள்
நாற்காலியில் சாய்ந்ததும்
"இப்போ வலிக்கல டாக்டர்" என்பார்கள்.

இருந்தாலும் புது பேட்டரி மாட்டினான்.
அடுத்த வாரம் புது ரிலே.
கழற்றிய இரண்டும் நல்ல பொருள்கள்,
என் அலமாரியில், பிளாஸ்டர் அச்சுகளுக்குப் பக்கத்தில்,
குற்றமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை. தகரக் கூரையில் மழை.
பெட்ரோல் டேங்கைத் தூக்கி வைத்துவிட்டு
பட்டறையிலிருந்து மீட்டரைக் கடன் வாங்கி வந்தேன்.
பேட்டரி பன்னிரண்டரைக்கு மேல்.
எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கினேன்.
கிளட்ச் சுவிட்சைத் தாண்டி ஒரு துண்டு வயர்,
ஸ்டாண்டு சுவிட்சைத் தாண்டி இன்னொன்று.
கிளம்புகிறது. கிளம்புகிறது.
கிளம்பவில்லை.
கிளம்புகிறது.
போய்த் தொலை என்று ஸ்பேனரை எறிந்தேன்,
பிறகு அடுப்புக்கடியில் படுத்துத் தேடினேன்.

கீழ்க்கடைவாயில் குத்தும்,
சொத்தை மேல்வரிசையில் இருக்கும்.
நரம்பு பொய் சொல்வதில்லை,
விலாசத்தைத்தான் மாற்றிச் சொல்லும்.

பட்டறையில் முன்சக்கரம் கவ்வியில் நிற்கும்,
நேராக, பள்ளிக்கூடப் பையனைப்போல்.
படகு வரிசையில்?
ஸ்டாண்டில் சாய்ந்து, ஹேண்டில்பார்
இடப்பக்கம் முழுக்க ஒடிந்து.

ரிலேயின் மெல்லிய வயரில் மீட்டரைச் செருகினேன்,
பொத்தானை டேப் போட்டு அமுக்கினேன்,
ஸ்டார்ட்டரின் தடித்த கேபிளைக் கழற்றி ஓரம் கட்டினேன்.
பன்னிரண்டு.
ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினேன்,
பயந்த குழந்தையின் முகத்தைத் திருப்புவதுபோல்.
பன்னிரண்டு. பன்னிரண்டு. ஒன்பது.
நாலு.
நேராக்கினால் பன்னிரண்டு.

அந்த நாலு என்ற எண்ணைப் பார்த்து
சமையலறையில் தனியாகச் சிரித்தேன்.

கழுத்துக்குழாயருகே உறையைக் கீறினேன்.
வெளியே கறுப்புத் தோல், ஒரு கீறல்கூட இல்லை.
உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது.
உப்புக்காற்றும், ஒவ்வொரு திருப்பத்தின் ஒடிசலும்.
மிச்சம் இரண்டே இழை,
தலைமுடிக் கனம்.
அவைதான் இத்தனை நாளும்
மனசு வந்தபோது என்னை அக்கரை சேர்த்தவை.

வளையும் இடத்தில் பற்றவைக்கக் கூடாது, மறுபடி முறியும்.
புது வயரை ஒரு சாண் தாராளமாக விட்டு,
மெழுகு வார்க்கும் என் சின்னக் கருவியால்
வளைவுக்கு அப்பால் ஒட்டினேன்.

திங்கட்கிழமை துறையில்
வேண்டுமென்றே இடப்பக்கம் ஒடித்து நிறுத்தி அழுத்தினேன்.
கிளம்பியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எலியேசர் பற்களை மாட்டினார்,
ஒரு வட்டம் நாக்கால் துழாவினார்.
"குத்துது."
எங்கே?
"தெரியல. எப்பவாச்சும்."
இப்போது?
"இப்போ இல்ல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
மெல்லுங்கள் என்றேன்.
இடப்பக்கமாக.
மெதுவாக.