சீகை மரம் 311

அவலாஞ்சி செக்போஸ்ட்டில் எனக்கு எண்ணுகிற வேலை.
வண்டி, தலை, பிடுங்கிவைத்த பிளாஸ்டிக் பாட்டில்.
பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை
டேலியாச் செடிக்கு ஊற்றுவேன்,
மழை பெய்துகொண்டிருந்தாலும்.

பனிச்சரிவு எங்கே என்று கேட்பார்கள்.
எங்கள் ஊரில் பனி சரியாது, உறையும்.
இருநூறு வருஷத்துக்கு முன்
ஒரு மலைப்பக்கம் பெயர்ந்து வந்ததாம். வெறும் மண்.
பார்த்த துரைக்கு வாயில் வந்தது அவன் ஊர்ச் சொல்.
ஓடையில் துள்ளும் மீனும் அவன் ஊர் மீனாக வேண்டும்:
பனிக்கட்டிக்குள் கப்பலேறி வந்தன டிரவுட் முட்டைகள்.
அவன் போன பின்னும் வரத்து நிற்கவில்லை.
தோல் பதனிடச் சீகை,
நார் ஆலைக்குக் கற்பூர மரம்,
ராமேஸ்வரம் வழியாக நாங்கள்.

போன மாதம் வெட்டு உத்தரவு.
ஃபாரஸ்டர் பெள்ளிராஜ் முன்னால் போக
சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு நான் பின்னால்.
"அந்நிய மரம்மா. புல்லைத் தின்னுடுச்சு,
ஊத்தைக் குடிச்சுடுச்சு."
பொய்யில்லை. வற்றிய ஊற்றுக்கண்ணில்
பல்லி குடியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.
ஆனாலும் அந்தச் சொல் வரும்போதெல்லாம்
பிரஷ் நின்று நின்று போனது.
பீரோவில் இருக்கும் அப்பாவின் அட்டையில்
'தாயகம் திரும்பியோர்'.
அவர் பிறந்தது அட்டனில்.
எமரால்டில் எங்கள் வரிசை இன்றைக்கும் சிலோன் காலனி.

முந்நூற்றுப் பதினொன்றை எழுதிவிட்டுக் குனிந்தேன்.
அடிமரத்தை ஒட்டி, சருகுக்குள்,
ஒரு நாவல் கன்று. முழங்கால் உயரம்.
கொழுந்து செம்புக் கம்பி நிறத்தில்.
தள்ளி ஒரு காட்டுச் செண்பகம்.
அப்புறம் கண் பழகப் பழக
அங்கங்கே சோலை.
சிரிப்பான் தின்று எச்சமிட்ட விதைகள்
வெயில் படாத இடத்தில் முளைத்திருக்கின்றன.

பெள்ளிராஜ் உட்கார்ந்துவிட்டார்.
காலில் அட்டை ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை.
"இதை வெட்டினா அது கருகிடும்."
கொஞ்ச நேரம் கழித்து,
"இதை வெட்டாட்டி ஊத்து வராது."
துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை.
தொப்பியைக் கழற்றித் துடைத்தார்.
எண் போகவில்லை, பரவியது.
நோட்டில் எழுதினார்: 'பிறகு'.

மறுநாள் ஏழு மணிக்கு
தடுப்புக் கம்பியைச் சட்டை செய்யாமல்
பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போனது
ஒரு காட்டெருமை.
விலாவில் சிவப்பு.
மூன்றா, ஒன்றா, தெரியவில்லை.
இரண்டு டெம்போக்கள் ஹாரன் அடிக்காமல் நின்றன.
பதிவேட்டில் அதை
எந்தக் கட்டத்திலும் நான் ஏற்றவில்லை.