விறகு எடுக்கப் போனவன்

ஔலு நகர நூலகம். நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கோட்டுகளிலிருந்து உருகிய பனி
நாற்காலிகளுக்கடியில் குட்டை குட்டையாய்.
என் முன்னால் ஓர் ஒலிவாங்கி,
கடித்து வைத்த ஏலக்காய் ரொட்டி,
பத்தொன்பது வருடம் தின்ற மூன்று தடித்த பாகங்கள்.

முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற அணைப் பொறியாளர்.
என் நிலப்படத்தைப் பெரிதாக்கி
நகலெடுத்துக் கொண்டுவந்திருந்தார்.
"உங்கள் வெர்னா ஆறு பாதி வழியில் பிரிந்து
இரண்டு கடலில் போய் விழுகிறது.
ஆறுகள் சேரும் அம்மா, இப்படிப் பிரியாது."
"அந்த நாட்டில் பிரியும்" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

உண்மையில்,
படம் வரைந்த இரவில் காப்பி சிந்தியது.
ஒரு கிளை நான் வரைந்தது,
இன்னொன்று காப்பி வரைந்தது.
துடைக்கச் சோம்பல்பட்டுப் பெயர் வைத்தேன்.
பெயர் வைத்த மறுநாளே
கரையில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள்.
பிறகு எப்படித் துடைப்பது?

முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி:
"மந்திரம் போட்டால் பசிக்குமா?"
பசிக்கும் என்றேன், பெருமையாக.
ஒரு விளக்கை ஏற்ற ஒரு கிண்ணம் கஞ்சி,
ஒரு பாலத்தைத் தூக்க மூன்று நாள் பட்டினி.
கணக்கெல்லாம் கச்சிதம்.
"அப்படியென்றால் ஏழைகள்
இருட்டிலேயே இருக்க வேண்டியதுதானா?"
ஒலிவாங்கி கொஞ்ச நேரம்
என் மூச்சை மட்டும் எல்லோருக்கும் கேட்க வைத்தது.

ஓர் இளைஞன், மடியில் புத்தம் புது நோட்டு:
உலகத்தை எங்கிருந்து கட்டத் தொடங்குவது?

இதற்குப் பதில் மனப்பாடம்.
உப்பிலிருந்து தொடங்கு, தம்பி.
உப்பை யார் சுமக்கிறார்கள் என்று தெரிந்தால்
பாதை தெரியும்,
பாதையில் சத்திரம், சத்திரத்தில் கடன்,
கடனில் கைகலப்பு.
ராஜா அதற்குப் பிறகு தானாக வருவான்,
வரி கேட்டுக்கொண்டு.
அவன் விறுவிறுவென்று எழுதிக்கொண்டான்.

நான் அப்படித் தொடங்கவில்லை.
வாடகை பாக்கிக்காரர் கதவைத் தட்டத் தட்ட
விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.
தட்டினால் கேட்காத அளவுக்குச்
சுவர் தடித்த ஒரு கோட்டை
அப்போது எனக்குத் தேவைப்பட்டது.
அவ்வளவுதான்.
அதை அந்தப் பையனிடம் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் டைஸ்டோ என்று ஒருவர்.
ராத்திரி முழுக்கப் பனி வாரும் வண்டி ஓட்டுபவர்.
புத்தகம் விரலிடுக்கில், தொப்பி கக்கத்தில்.
"முதல் பாகம், ஒன்பதாம் அத்தியாயம்.
சுங்கச்சாவடிக் காவலன்
விறகு எடுத்துவரேன் என்று வெளியே போகிறான்.
பிறகு மூன்று பாகத்திலும் வரவே இல்லை.
எங்கே போனான்?"

போர் நடந்தது, இரண்டு ராணிகள் செத்தார்கள்,
ஒரு நகரமே கடலுக்குள் போனது.
எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருக்கிறேன்.
இவனை மட்டும்
மறந்துவிட்டேன்.
ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்,
மர்மம் என்றோ, நான்காம் பாகம் என்றோ.
"தெரியவில்லை" என்றேன்.

அவருக்குக் கோபம் இல்லை.
"இல்லை, கெமி சாலையில் போகும்போது
முன்விளக்கு எட்டாத இடத்தில்
நடந்துகொண்டிருக்கிறானோ என்று தோன்றும்.
அதனால் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டுவேன்."
உட்கார்ந்துகொண்டார்.

விடுதி அறை. நள்ளிரவு தாண்டிவிட்டது.
ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு
ஏதோ ஒரு பனி வண்டி போகிறது.
விடுதிக் காகிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்:
சுங்கச்சாவடிக் கதவை யாரோ தட்டினார்கள்.

அடுத்த வரி நகரவில்லை.
அத்தனை வருடம் பனியில் சுமந்துவந்த விறகு
பற்றுமா, பற்றாதா?
பொறியாளரின் தொலைபேசி எண்ணை
வாங்கி வைத்திருக்கலாம்.