ஏழாம் எண் இடம்

வண்டிவீட்டின் கூரைமேல்
ஆரின் தட்டைத் திருப்பத் திருப்ப
உள்ளிருந்து நான் கத்துகிறேன்:
நாற்பது, முப்பத்தேழு,
போச்சு, பூஜ்யம்.
தெற்கே ஒரு காட்டன்வுட் மரம்.
அதற்கென்ன அவசரம்.

சூ ஃபால்ஸ் தாண்டியதுமே
டுலூத் செய்தி வாசிப்பவளின் வாய்
சதுரம் சதுரமாய் உடைந்துவிட்டது.
"இன்றிரவு ஏரியோரம்" என்றாள்,
என்னவென்று சொல்லவில்லை.
வானத்திலிருந்து ஊர்மேல் அடிக்கும்
டார்ச் வெளிச்சமாம் அது.
வட்டத்துக்கு வெளியே வந்துவிட்டோமாம்.

போனில் பையன் கேட்டான்:
வீட்டு முகவரி சொல்லுங்கள் மேடம்.
விற்றாயிற்று என்றேன்.
சரி, இப்போது எங்கே?
சன்னலைத் திறந்து பார்த்துச் சொன்னேன்:
ஏழாம் எண் இடம்,
குப்பைத்தொட்டிக்கு எதிரே.
எழுதிக்கொண்டான்.

இருபது நிமிடத்தில் படம் வந்தது.
ரேப்பிட் சிட்டி.
டிராக்டர் டயர் தள்ளுபடி,
ஆலங்கட்டி எச்சரிக்கை,
காணாமல்போன காதறுந்த நாய்.

"டுலூத்தா?" என்றான் கூரையிலிருந்து.
"படம் தெளிவாக இருக்கிறது" என்றேன்.
கொஞ்ச நேரம் அவன் இறங்கவில்லை.

சாப்பிடும்போது
நாயின் பெயரை இரண்டு முறை கேட்டான்.
மறுநாள் பால் வாங்கப் போகையில்
சாலையோரப் புதர்களைப் பார்த்தபடியே
மெதுவாக ஓட்டினான்,
பின்னால் லாரிக்காரன்
ஹார்ன் அடிக்க அடிக்க.