பதினாறாம் எண் பேருந்து

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
எதெல்மிரா எழுதிய முதல் வரி:
துண்டுப் பிரசுரம், ஐந்நூறு, மஞ்சள் தாள்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
புந்தா அரேனாஸில் பழமொழி அல்ல,
அன்றாடம்.
சந்தை முனையில் நின்று கட்டை அவிழ்த்தேன்.
ஒரு கையும் நீளுமுன்
ஐந்நூறும் புறப்பட்டுவிட்டன.
பாதி, கல்லறைத் தோட்டத்து சைப்ரஸ் மரங்களில்.
மீதி, ஜலசந்தியில்.
முதல் மாதம் இலவசம் என்ற சேதி
இறந்தவர்களுக்கும் மீன்களுக்கும்
பழுதின்றிப் போய்ச் சேர்ந்தது.

நான் அவளுடைய ஜிம்மில் கணக்கு எழுதுபவன்.
வாரம் இரண்டு நாள்.
சம்பளம் பாதி பணமாக,
பாதி, இயந்திரங்களில் ஓடும் உரிமையாக.
ஓடியதில்லை.

இரண்டாவது வரி: முன் படம், பின் படம்.
ஹெர்மோகெனெஸ் சம்மதித்தான்,
படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன்,
எங்கள் பதினோரு உறுப்பினர்களில்
தவறாமல் வருகிற ஒருவன்.
மார்ச்சில் ஒரு படம் எடுத்தோம், ஜூனில் ஒன்று.
ஜூனில் அவன் நன்றாகவே பருத்திருந்தான்.
"குளிர்காலம்" என்றான், "ஆட்டிறைச்சி."
எதெல்மிரா யோசித்தாள்.
படங்களை இடம் மாற்றி ஜன்னலில் ஒட்டினாள்.
மறுநாள் அவன் மனைவி வந்து
இரண்டையும் கிழித்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது, நண்பரை அழைத்து வந்தால்
இருவருக்கும் பாதிக் கட்டணம்.
பதினோரு பேரும்
ஒருவரை ஒருவர் நண்பரென்று எழுதிக் கொடுத்தார்கள்.
வருமானம் பாதியானது.
சிவப்பு மையில் நான்தான் ஏற்றினேன்.

ஜூலையில் ஒரு விடிகாலை
(விடிகாலை என்பது கடிகாரத்தின் பேச்சு,
வானம் அதை ஒத்துக்கொள்ள இன்னும் மூன்று மணி நேரமாகும்)
எதிரில் பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடியைக்
காற்று பெயர்த்துப் போட்டது.
நண்டுத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள்
கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.
எதெல்மிரா கதவைத் திறந்து கத்தினாள்:
"உள்ளே வந்து நில்லுங்கள்,
பேருந்து வந்தால் இங்கிருந்தே தெரியும்!"

கருணையா, எரிச்சலா, தெரியாது.
ரசீதில் அந்த வரி இல்லை.

வந்தவர்கள் எதையும் தொடவில்லை.
நனைந்த குடைகள் மாதிரி
கதவோரம் சாய்ந்து நின்றார்கள்.
மூன்றாம் வாரம், நாற்காலி இல்லாததால்
உபெர்லிந்தா துடுப்பு இயந்திரத்தில் உட்கார்ந்தாள்.
நண்டு உடைத்து உடைத்து மடங்காமல்போன விரல்கள்
பிடியில் தற்செயலாகப் பட்டன.
இழுத்தாள்.
இருக்கை வழுக்கிப் பின்னே போனது.
"அம்மாடி!"
"எங்கேடி போகிறாய்?" என்றது ஒரு குரல்.
"எங்கேயும் இல்லை.
பதினாறாம் எண் மாதிரிதான்."

சிரித்தார்கள்.
ரப்பர் பூட்ஸோடு அவள் இன்னும் இழுத்தாள்.
பேருந்து அன்று இருபது நிமிடம் தாமதம்.
மறுநாள் எல்லோரும்
இருபது நிமிடம் முன்னால் வந்தார்கள்.

செப்டம்பரில் பதிவேட்டில் முப்பத்து நான்கு பெயர்.
எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்
என்ற கட்டத்தில் பலரும் எழுதியது ஒன்றுதான்:
பேருந்து வரவில்லை.
ஓட்டுநர் சொபானோர் ஒருநாள் எட்டிப் பார்த்து
எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டான்.
"தாமதமாகவே வாருங்கள், பேசிக்கொள்ளலாம்"
என்றாள் எதெல்மிரா.

பிறகு நகராட்சியின் கடிதம் வந்தது.
வியாழக்கிழமை புதுக் கண்ணாடி பொருத்தப்படும்.
தடித்த கண்ணாடி, உட்கார இருக்கை,
உள்ளே விளக்கும் உண்டு.
அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.
மஞ்சள் தாள் என்ன விலை என்று
என்னிடம் கேட்கவில்லை.
அது எனக்குப் பயமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி.
புதுக் கண்ணாடிக்குள் விளக்கு எரிந்தது.
இருக்கையில் ஒருவரும் இல்லை.
சொபானோர் பார்த்திருப்பான், ஆளில்லை என்று.
வேகம் குறையாமல் போனான்.

உள்ளே ஏதோ விழுந்தது.
கதவு பிளந்தது.
ஏழு பெண்கள்,
கையில் மதியச் சோற்றுப் பாத்திரம்,
கழுத்தில் எங்கள் துண்டு,
காற்றுக்கு எதிராக, பனிச்சேற்றில்,
பேருந்தைத் துரத்தி ஓடினார்கள்.
எங்கள் இயந்திரங்களில் ஒருவரும்
அந்த வேகம் ஓடி நான் பார்த்ததில்லை.

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி
நானும் ஓடிக்கொண்டிருந்தேன்.
எனக்கு அந்தப் பேருந்தில்
ஒரு வேலையும் இல்லை.