நகத்துக்குச் சிக்காதது

ஒரு கோடுதான் பாஸ், என்றார் பரஞ்சோதி.
ஓட்டுநர் கைப்பிடியில் பிடித்து
பின்கதவைத் தாண்டி
சக்கர வளைவு வரைக்கும் ஒரே இழுப்பு.
கறுப்பு வியோஸ். வயது ஏழு.
வங்கிக்கு இன்னும் இருபது மாதம்.

யார் செய்தது என்றும் சொன்னார், நான் கேட்காமலே.
செந்தூல் அடுக்ககத்தில் எதிர்வீட்டு வேதமுத்து,
பார்க்கிங் தகராறு.
போலீஸ் ரிப்போர்ட்டின் நகல் டேஷ்போர்டில்
பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

விரல்நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுத்தேன்.
கதவில் வழுக்கிப் போனது.
வளைவுக்கு ஒரு சாண் முன்னால்
டிக் என்று நின்றது.
நகம் நிற்கிற இடத்தில் எந்தப் பேடும் உதவாது.
அதை அப்போது சொல்லவில்லை.

சுவரில் ஆணிக்கு ஒன்றாய்த் தொங்குகின்றன.
கம்பளி எதையும் ஐந்து நிமிடத்தில் தின்னும்,
தின்ற இடத்தில் பனிமூட்டம் விட்டுப் போகும்.
மைக்ரோஃபைபர், ஜெர்மன் வண்டிகளின் கல்நெஞ்சுக்கு.
ஆரஞ்சு நுரை அழுத்தினால் திருப்பி அழுத்தும்.
வெள்ளை கேட்டதை மட்டும் செய்யும்.
கறுப்பு, காது மடல் போல மெத்து,
மெழுகைத் தவிர வேறெதற்கும் ஆகாது.

"அந்தக் கம்பளியப் போடுங்க லா,
ஒரே தேய்ப்புல போகட்டும்."
எல்லோரும் கம்பளியைத்தான் காட்டுகிறார்கள்.
பார்க்க அதுதான் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது.

மானியை வைத்தேன்.
தொண்ணூற்றிரண்டு. எண்பத்தெட்டு.
கதவின் மடிப்பில் எழுபத்தொன்று.
ஒரு தலைமயிரின் பருமன், அவ்வளவுதான்.
அதற்குள்தான் அடிப்பூச்சு, நிறம்,
எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிப் பூச்சு.
எனக்கு முன்னால் எவனோ இங்கே அவசரப்பட்டிருக்கிறான்.
மடிப்பு நெடுக நீல டேப் ஒட்டினேன்.

பிறகு விளக்கை இழுத்து வந்தேன்.

பானெட், கூரை, நான்கு கதவு, எங்கும்
தோசைக்கல்லில் மாவு இழுத்த மாதிரி
வட்டத்துக்குள் வட்டமாய்
மெல்லிய கீறல்கள், ஆயிரக்கணக்கில்.

"தெனம் தொடைப்பீங்களா?"
"காலைல ஆறு மணிக்கு. ஒரு நாள் தவறினதில்ல.
பழைய பனியன், சுத்தமான துணி."
"தண்ணி ஊத்தி?"
"தூசிக்கு எதுக்குத் தண்ணி?"

விளக்கைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.
ஒவ்வொரு வட்டமும்
அவர் முழங்கை சுழலும் அளவுக்கே இருந்தது.
"லைட்டுதான் இப்படிக் காட்டுது," என்றார்.
ஆமாம், என்றேன். லைட்டுதான் காட்டுது.

வெள்ளையில் தொடங்கினேன்.
பட்டாணி அளவில் நாலு சொட்டு மருந்து,
இரண்டு உள்ளங்கை அகலம் மட்டும்,
குறுக்கே நாலு, நெடுக்கே நாலு.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல்
புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன்.
வட்டங்கள் போயிருந்தன. கோடு பாதி இருந்தது.
ஆரஞ்சுக்கு மாறினேன். மருந்தை மாற்றவில்லை.
இரண்டையும் ஒன்றாய் மாற்றினால்
எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்?

நாலு மணி மழை ஜிங்க் கூரையில் இறங்கியது.
அவர் பேசிக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.
வேதமுத்து என்று மட்டும்
இரண்டு முறை வாய் அசைந்தது.

ஆறரைக்குக் கதவில் என் பல் தெரிந்தது.
வளைவுக்கு முன்னால் மட்டும்
ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை நூல்.
"இது?"
"இது பெயிண்ட் கடை வேலை.
நான் தேய்ச்சா இரும்பு வந்துரும்."

ரிப்போர்ட்டை உறையோடு எடுத்து வந்து
அந்த நூலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.
தாளைவிடச் சின்னதாய் இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் பணத்தை எண்ணினார்.
மெத்தென்ற துணி இரண்டு கொடுத்தேன்,
கணக்கில் சேர்க்காமல்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பின்னால் ஷஃபிக் பேடுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.
ஆரஞ்சைப் பிழியச் சொன்னேன்.
வாளியில் வெளுப்பாய்த்தான் விழுந்தது,
கறுப்பு கலக்கவில்லை.
அதைப் பார்த்த பிறகே
கை கழுவப் போனேன்.