மூன்றா, எட்டா

வியாழன்தோறும் அந்தப் பெட்டி எனக்காக மேலே வருகிறது.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
குடை, கோட்டு, தின்ன வைத்திருந்த ஆரஞ்சு
எல்லாவற்றையும் கீழே பூட்டிவிட்டு
வெறுங்கையோடு போய் உட்கார்ந்தால்
ஹெஸ்டர் ஃபிட்ச் ஒரு தலையணை கொண்டுவருவாள்.
பேரேட்டுக்கு. அதற்குத்தான் முதுகுவலி.

நான் தேடுவது ஒரு கடல்விமானம்.
பதின்மூன்றாம் வருடம், மெட்வே ஆற்று முகத்தில்,
படகு கட்டும் கொட்டகையில் ஸ்ட்ரட்விக் சகோதரர்கள்
கடற்படைக்குச் செய்துகொடுத்த ஒன்றே ஒன்று.
பெயர் வைக்கவில்லை, எண் வைத்தார்கள்.
அந்த எண்ணின் கடைசி இலக்கத்தின்மேல்
எவனோ தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டான்.
மூன்றா, எட்டா?

மூன்றென்றால் அது ஜூனிலேயே நொறுங்கியது;
அறிக்கை இருக்கிறது, இரண்டு பக்கம், கையெழுத்தோடு.
எட்டென்றால் போர் தொடங்கிய பிறகும் பறந்திருக்கிறது.
ஒரு வளைவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா,
அதில் தொங்குகிறது ஒரு முழுக் கோடை.

பதினோரு வருடத்தில் கிடைத்தது இவ்வளவுதான்:
லினன் துணி நூற்றுப்பத்து கெஜத்துக்குப் பற்றுச்சீட்டு,
அதில் பன்னிரண்டு கெஜம் எலி கடித்ததென்று திரும்பிப் போயிருக்கிறது.
பியானோக் கம்பி கேட்டு ஒரு தந்தி.
மிதவை ஒழுகுகிறது என்று லெப்டினன்ட் ட்ரெலீவன் எழுதிய
ஏழு கடிதங்கள், ஒவ்வொன்றிலும் மரியாதை சற்றுக் குறைந்தபடி.
ஐந்தாவதில் சொல்கிறார்:
‘இடது இறக்கையைத் தச்சர் செப்பனிட்டதில்
வலதைவிட ஒரு சாண் நீண்டுவிட்டது.
ஐயா, இது இப்போது நண்டுபோல் பக்கவாட்டில் பறக்கிறது.’
பிறகு அமோஸ் கோல்பட் என்கிற சிப்பிக்காரரின் நட்டஈட்டு மனு.
நாலு பவுண்டு ஆறு ஷில்லிங். கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே,
அதற்கு இறக்கை முளைத்தால் இதுதான்.
மரமும் துணியும் போய்விட்டன;
அதோடு மல்லுக்கட்டியவர்களின் எரிச்சல் மட்டும்
நூறு வருடமாகக் கெடாமல் இருக்கிறது.

போன வியாழன் தவறான உறையொன்று வந்தது.
மேலே ‘ஓத அளவை, சேற்றுத் திட்டுகள்’ என்று எழுதியிருந்தது.
உள்ளே வானத்திலிருந்து சாய்வாக எடுத்த ஒரு படம்.
‘இதில் விமானம் இல்லையே, மாற்றித் தரட்டுமா’ என்றாள் ஹெஸ்டர்.
இல்லைதான்.
வடிந்த கழி, கவிழ்ந்த சேறு, ஒரு படகு,
குனிந்து சிப்பி பொறுக்கும் ஒரு மனிதன்.
கீழ் மூலையில், ஈரத்தின்மேல், ஒரு நிழல்.
இடது இறக்கை நீண்டு.

உருப்பெருக்கியை மூன்று முறை துடைத்தேன்.
துடைக்க வேண்டியிருந்தது கண்ணாடி அல்ல.

பின்புறம் ‘நண்பகல்’ என்று மட்டும். தேதி இல்லை.
படகின் நீளத்தை அளவுகோலாக வைத்து
நிமிர்ந்து நிற்கும் சிப்பிக் கழிகளைக் கணக்கிட்டேன்:
ஐந்தரை அடிக் கழிக்கு ஒன்பதரை அடி நிழல்.
ஜூன் நண்பகலில் மூன்றடியைத் தாண்டாது.
இது அக்டோபர்ச் சூரியன்.

ஆக, எட்டு.

பென்சிலால் எழுதினேன்.
இரண்டு வட்டம், ஒன்றின் தலையில் ஒன்று.
எழுந்து கத்தவேண்டும்போல் இருந்தது;
அந்த அறையில் இருமுவதற்கே மூன்று பேர் திரும்புவார்கள்.

ரயிலில்தான் உறைத்தது.
ஜூனில் நொறுங்கியது வேறு யாருடைய விமானமோ.
பதினோரு வருடம் நான் துக்கம் காத்த அந்த இரண்டு பக்கத்தை
உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும்.
மூன்றாக இருந்தவரை இதற்கு ஒரு முடிவாவது இருந்தது.
எட்டுக்கு ஒன்றுமில்லை:
எரிந்ததா, விறகானதா, கடலா, கோழிக்கூண்டின் கூரையா,
ட்ரெலீவன் எட்டாவது கடிதம் எழுதினாரா.

அடுத்த வியாழனுக்குச் சீட்டு எழுதிவிட்டேன்.
நவம்பர், பதினான்கு. பெட்டிகள் ஆறு.
படத்தில் கோல்பட், அது அவர்தான் என்றால்,
நிமிர்ந்து பார்க்கவே இல்லை.
நிழல் அவரை எட்ட இன்னும் நாற்பதடி.