ஷூ கட்டாயம்

ஏரியில் தண்ணீர் இருந்தால் எங்களுக்கு வேலையில்லை.
பங்குனியில் சேறு காய்ந்து
தோசைக்கல்லாய் இறுகியதும்
திமிரிக்குத் தெற்கே, கரைக்குக் கீழே
எங்கள் பந்தயம்.

கார் ஒன்றுதான். பழைய மாருதி எண்ணூறு,
ஆற்காட்டு இரும்புக் கடையில்
கிலோ கணக்கில் பேரம் பேசி
தஸ்தகீர் மீட்டது.
பின்சீட்டு இல்லை. ஹாரன் இல்லை,
ஆடுகளைத் தவிர யாரும் குறுக்கே வருவதில்லை.
ஹெல்மெட் இரண்டு: ஒருவர் வியர்வையை
அடுத்தவர் தலையில் கவிழ்த்துக்கொள்வோம்.
வளைவுகளுக்கு ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள்.
சாய்த்தால் இரண்டு விநாடி கூடும்,
உடைத்தால் எண்பது ரூபாய்.
பெட்ரோல் பங்கு நூற்றைம்பது.
நேரத்தை வாசிப்பது
மெதுவாய் வந்தவரிலிருந்து.

பெரிய பந்தயத் திடல் ஒன்றை
கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான்.
உள்ளே போக ஒரு லைசென்ஸ், தீப்பிடிக்காத உடை,
அதற்கெல்லாம் ஒரு தொகை.
அந்தத் தொகைக்குள்தான் என் தங்கை கல்யாணமே நடந்தது.
அதனால் இங்கே பலகையில்
சுண்ணாம்பு தொட்டு நானே எழுதினேன்:
யாரும் வரலாம். கார் வேண்டாம். ஷூ கட்டாயம்.

மூன்று ஞாயிறு
கரைமேல் ஒரு பெண் வந்து நின்றாள்,
கருவேல நிழலில், டிபன் பையோடு.
ஆடு தேடி வந்திருப்பாள் என்றான் இம்தியாஸ்.
நான்காவது ஞாயிறு ஏறிப்போய்க் கேட்டேன்.
பெயர் ரேணுகாம்பாள்.
மச்சானின் குட்டியானையை
தோல் மண்டி வரைக்கும் ஓட்டியிருக்கிறாளாம்.
"அப்புறம் என்ன, வாங்க."
பலகையைப் பார்த்தாள்.
பிறகு கால்களை.
நீல வார் ரப்பர் செருப்பு.

ராணிப்பேட்டை கம்பெனியில்
நாளைக்கு நானூறு ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள்.

எல்லாக் கம்பியையும் பிடுங்கிவிட்டதாய்
எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

இம்தியாஸ் ஒன்றும் பேசவில்லை.
மண்ணில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தான்.
பத்தாம் நம்பர். நுனியில்
நேற்றைய பேப்பரைக் கசக்கித் திணித்து
இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு முறை என்ஜின் அணைந்தது.
மூன்றாம் குடத்தைச் சாய்த்தாள், நான்காவதை நசுக்கினாள்.
ஐந்தாவதில் எங்கிருந்து வந்ததோ,
ஊர்ப் பெயருக்கேற்பத் திமிறி, வால் வீசி,
ஒரு விரற்கடை விட்டுத் திரும்பிப் போனது வண்டி.
வெறுங்காலோடு சுடுமண்ணில்
குதித்துக் குதித்து விசிலடித்தான் இம்தியாஸ்,
சந்தோஷமோ சூடோ.

மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி.
அன்று முதலில் வாசித்தது அவள் பெயர்.

தஸ்தகீர் ஒரு கோணிச் சாக்கை உதறினார்.
அடுத்த வாரம் அவரவர் வீட்டுப் பழைய ஷூவெல்லாம்
இதற்குள் வரணும் என்றார்.

அவள் குடத்துக்கு எண்பதை எண்ணி வைத்தாள்.
ஷூவைக் கழற்றியவள்
உடனே கொடுக்கவில்லை. உள்ளே விரல் விட்டு
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இங்க ஒரு தையல் தப்பியிருக்கு, பாருங்க.
எங்க லைன்ல இது பாஸே ஆகாது."